முதலில் வாளி, அப்புறம் மீன்

கடல்மீன் விற்கும் கடைக்குள் நுழைகிறவர் பெரும்பாலும் ஒரு தொட்டி முன்னால் வந்ததும் நின்றுவிடுவார். உள்ளே இருப்பது ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லாத மீன். உடம்பெல்லாம் ஆழ்ந்த நீலம். அதன் மேல் வளைந்து வளைந்து ஓடும் ஆரஞ்சுக் கோடுகள். முகத்தில் கொஞ்சம் பச்சை. மற்ற மீன்களைப் போலக் குறுக்கும் நெடுக்கும் நீந்தாது. வயிற்றடித் துடுப்புகளை ஊன்றிக்கொண்டு பாறை மேல் மெல்லத் தாவித் தாவி நகரும். கடைக்காரர்கள் இதை மாண்டரின் என்பார்கள். “அண்ணே, இது என்ன சாப்பிடும்?” என்று கேட்டால், “எல்லாம் சாப்பிடும் சார், ஃப்ரோஸன் போடுங்க” என்று பதில் வருவது வழக்கம். அந்தப் பதிலை நம்பி வீட்டுக்குக் கொண்டுபோன மாண்டரின்கள் பல, சில வாரங்களில் கண்ணெதிரே மெலிந்து செத்திருக்கின்றன. நோய் இல்லை, தண்ணீரிலும் குறை இல்லை. பட்டினி.

சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கும் மீன் என்ற பெயர் இதற்குத் தொட்டியில்தான் வந்தது. கடலில் அது எதற்கும் அடம் பிடிப்பதில்லை. பொழுது விடிந்ததிலிருந்து சாயும் வரை தின்றுகொண்டே இருக்கிறது. அங்கே அது தின்பது இங்கே கிடைப்பதில்லை, அவ்வளவுதான். கிடைக்க வைக்க வேண்டுமானால் மனிதர்தான் வளர்த்தாக வேண்டும். மாண்டரினை நல்லபடியாக வைத்திருப்பவர்களின் வீட்டில் வரவேற்பறைத் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. பால்கனியிலோ, குளியலறை மூலையிலோ, மாடிப்படி அடியிலோ பச்சைத் தண்ணீர் நிறைந்த பாட்டில்களும் மெல்லக் குமிழிடும் வாளிகளும் இருக்கும். உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது.

மாண்டரினின் ஊர் மேற்குப் பசிபிக். ஜப்பானின் ரியூக்கியூ தீவுகளிலிருந்து பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பலாவு என்று ஆஸ்திரேலியா வரை, அலை அடங்கிய இடங்களில், உடைந்த பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கும் இடுக்குகளில் வாழ்கிறது. மணிலாவில் மீன்வளப் பிரிவின் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ரே என்ற அமெரிக்கர் 1927இல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். சிங்கிரோபஸ் ஸ்ப்ளெண்டிடஸ் என்பது இப்போதைய அறிவியல் பெயர். செதில் கிடையாது; தோல் மேல் தடித்த, நாற்றமடிக்கும் கோழைப் படலம்தான் அதற்குக் காப்பு. நிறத்திலும் ஒரு விசேஷம் உண்டு. நீலமாகத் தெரியும் மீன்களில் பெரும்பாலானவற்றின் உடம்பில் நீலச் சாயம் என்று எதுவும் இல்லை. தோலுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தில் அப்படித் தெரிகிறது. மாண்டரினிடமும் அதன் நெருங்கிய உறவான புள்ளி மாண்டரினிடமும் மெய்யாகவே நீல நிறமி கொண்ட செல்கள் இருப்பதை 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளில் அப்படிப்பட்ட செல் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

இந்த அழகுதான் அதற்கு ஆபத்தாகவும் முடிந்தது. பகலில் இடுக்குக்குள் ஒளியும் மீனை வலை போட்டுப் பிடிப்பது கஷ்டம் என்பதால், பிலிப்பைன்ஸில் சில இடங்களில் நுனியில் ஊசி பொருத்திய குட்டி ஈட்டியால் குத்திப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடிபட்டு, பையில் அடைபட்டு, விமானத்தில் பறந்து, கைமாறிக் கைமாறிக் கடைக்கு வரும்போது மீன் ஏற்கெனவே பட்டினியில் இருக்கும்.

மாண்டரினின் வாய் மிகச் சிறியது. கீழ்நோக்கிக் குழாயாக நீளக்கூடியது. கண்கள் தனித்தனியாகச் சுழலும். பாறை மேல் ஓர் இடத்தில் நிற்கும், உற்றுப் பார்க்கும், ஏதோ அசைந்தது என்று தெரிந்தால் சட்டென்று ஒரு கொத்து. மறுபடி ஒரு தாவல், மறுபடி ஒரு பார்வை. பலாவுக் கடலில் பிடித்த மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்த ஆய்வாளர்களுக்கு அங்கே கிடைத்தவை கோப்பிபாட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கூனி வகை, ஆம்ஃபிபாட், குட்டிப் புழுக்கள், கடுகளவு நத்தைகள், மீன் முட்டைகள். எல்லாம் அடித்தரையில் கிடைப்பவை, எல்லாம் உயிருள்ளவை. மேலிருந்து சிதறும் உலர்தீனி உருண்டைகளுக்கு அதன் கண்ணில் இரை என்ற அர்த்தமே கிடையாது. அருகே விழுந்தாலும் ஒரு கணம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அதற்குள் மற்ற மீன்கள் வந்து முடித்துவிட்டிருக்கும்.

கடல் தொட்டிக்குள் இந்தச் சிற்றுயிர்கள் தாமாகவே வாழும் வழி ஒன்று உண்டு. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் தன் தொட்டிகளைப் பற்றி எழுதினார். வடிகட்டிகள் இல்லை; கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளும் கொஞ்சம் காற்றுக் குமிழும் மட்டும். பாறையின் ஓட்டைகளில் இருந்த கிருமிகள் தண்ணீரைச் சுத்தம் செய்தன. கூனிகளும் புழுக்களும் அதே ஓட்டைகளில் பெருகின. மேல்நாட்டில் மாண்டரினை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் இந்த உயிர்ப்பாறையை நம்பியவர்கள்தான். முந்நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டி, நிறையப் பாறை, ஓராண்டாவது ஓடித் தேறியிருக்க வேண்டும் என்பது அவர்களின் அனுபவ விதி. அதோடு, அதே இரையைத் தேடும் சிறு ராஸ் மீன்கள் அந்தத் தொட்டியில் இருக்கவே கூடாது.

நம் ஊரில் இந்த வழி அடைபட்டிருக்கிறது, அடைபட்டிருப்பதும் நியாயம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளத்திட்டுகளும் 1986லேயே கடல் தேசியப் பூங்காவாகிவிட்டன. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காப்போடு இருக்கின்றன. கடலிலிருந்து பவளப் பாறையைப் பெயர்த்துக்கொண்டு வந்து தொட்டி அலங்கரிப்பவர் அழகுக்காகச் செய்தாலும் குற்றவாளிதான். ஆகவே சென்னையிலோ கோவையிலோ முறையாகத் தொட்டி வைப்பவர் செயற்கைப் பாறையில்தான் தொடங்க வேண்டும். அதில் உயிர் என்று எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. மேல்நாட்டுக்காரருக்குப் பாறையோடு இலவசமாக வந்த கோப்பிபாட், இங்கே கையால் வளர்த்து விட்டால்தான் உண்டு.

பாட்டிலில் அடைத்த கோப்பிபாட் விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கி ஊற்றினால் போதாதா? போதாது. விளக்கு அணைந்த பிறகு, மோட்டாரை நிறுத்திவிட்டு ஒருவர் ஒரு பாட்டிலை ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாண்டரின் நிமிடத்துக்கு நிமிடம் கொத்துகிற மீன். பகல் முழுவதும் அப்படியே. ஒரு பாட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டால் அந்த மீனை வைத்திருக்கும் மாதச் செலவு மீனின் விலையைத் தாண்டிவிடும். பாட்டிலை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது விதை, சோறு இல்லை.

விதையை ஊன்றுவதற்கு முன் விதைக்குச் சாப்பாடு வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கோப்பிபாட் தின்பது நுண்பாசி. அதனால் வேலை தொடங்குவது பச்சைத் தண்ணீரில். இரண்டு லிட்டர் பாட்டில், கிருமி நீக்கிய கடல்நீர், ஒரு சிட்டிகை உரக் கரைசல், ஒரு குழல்விளக்கு, காற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கடல்நீரைப் பிளீச்சிங் திரவம் விட்டுச் சுத்தம் செய்வார்கள். மறுநாள் தயோசல்ஃபேட் சேர்த்து அந்தக் குளோரினை முறிப்பார்கள். முறிக்க மறந்தால் பாசி ஒரே இரவில் வெளுத்துவிடும். உரம் பெரும்பாலும் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கில்லார்ட் 1960களில் வகுத்துக் கொடுத்த எஃப் பை டூ கலவை. நம் நாட்டுக் குஞ்சுப் பொரிப்பகங்களில் கான்வே கரைசலும் புழக்கத்தில் இருக்கிறது. நைட்ரேட், பாஸ்பேட், கொஞ்சம் இரும்பு, நுண்சத்துகள், வைட்டமின்கள். வயலுக்குப் போடும் உரத்தின் தத்துவமேதான்.

முதல் நாள் தண்ணீரில் நிறமே தெரியாது. மூன்றாம் நான்காம் நாள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இளம்பச்சை. ஒரு வாரத்தில் பாட்டிலுக்குப் பின்னால் வைத்த விரல் தெரியாத அளவுக்கு அடர்ந்துவிடும். அப்போது முக்கால் பங்கை அறுவடை செய்து, மீதிக் கால் பங்கில் புது நீரும் உரமும் சேர்த்தால் அடுத்த வாரத்துக்கு மறுபடி தயார். தயிர்ப் பாத்திரத்தில் உறைக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கும் வீட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எந்தப் பாசி என்பதும் முக்கியம். நானோகுளோராப்சிஸ் எளிதில் வளரும், லேசில் சாகாது; ஆனால் மீனின் கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டிய டிஹெச்ஏ என்ற கொழுப்பு அதில் இல்லை. ஐசோகிரைசிஸ் என்ற பழுப்புப் பொன்னிறப் பாசியில் அது உண்டு, ஆனால் வெயிலுக்கும் அழுக்குக்கும் சீக்கிரம் வாடும். டெட்ராசெல்மிஸ் அளவில் பெரியது, தானே நீந்தித் திரிவது, கோப்பிபாட்டுக்குப் பிடித்தது. இரண்டு மூன்றைத் தனித்தனிப் பாட்டில்களில் வளர்த்து, ஊட்டும்போது கலந்து கொடுப்பவர்களின் வாளிதான் நிலைத்து நிற்கிறது.

இனி வாளி.

உணவுப் பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் வாளி, இருபது லிட்டர் அளவில் போதும். காற்றுக் குழாயின் நுனியில் ஏர் ஸ்டோன் மாட்டக் கூடாது. அதன் பொடிக் குமிழ்கள் இந்தச் சிற்றுயிர்களுக்கு ஆகாது. வெறும் குழாயிலிருந்து பெரிய குமிழாக, நிதானமாக எழுந்தால் போதும். பாட்டில் விதையை ஊற்றியபின் தண்ணீர் லேசாகப் பச்சை தட்டும் அளவுக்குப் பாசி சேர்ப்பார்கள். பச்சை தெளிந்தால் மறுபடி ஊட்டலாம். தெளியாமல் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வாளியில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். அப்புறம் ஓர் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரோரமாகத் தூசி அசைகிறது. தூசி தானாக எதிர்த்திசையில் ஓடினால் அது தூசி இல்லை.

ஒரு சொட்டை எடுத்து, பள்ளிக்கூட நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் மொத்த வாழ்க்கையும் தெரியும். கண்ணீர்த் துளி வடிவ உடல், நெற்றி நடுவே ஒற்றைச் செங்கண். பெண்ணின் வால்பக்கம் முட்டைப் பை. முட்டையிலிருந்து வருவது தாயின் சாயலே இல்லாத நாப்ளியஸ் என்ற குஞ்சு. அது ஆறு நாப்ளியஸ் நிலைகளைத் தாண்டி, பிறகு ஐந்து இளம்பருவ நிலைகளைக் கடந்து, சட்டையை உரித்து உரித்துத்தான் முழு வளர்ச்சி அடைகிறது. மாண்டரின் வளர்ப்பவருக்கு இந்த நீண்ட படிக்கட்டு ஒரு வசதி. ஒரே வாளியில் ஐம்பது மைக்ரான் குஞ்சு முதல் ஒரு மில்லிமீட்டர் பெரியது வரை எல்லா அளவிலும் இரை இருக்கும்.

டிக்ரியோபஸ் கலிபோர்னிகஸ் என்ற கோப்பிபாட் வகை அமெரிக்காவின் பசிபிக் கரையில், அலை தெறிக்கும் பாறைக் குழிகளில் வாழ்வது. மழை பெய்தால் குழி நன்னீராகும், வெயில் அடித்தால் உப்பு ஏறும். இரண்டையும் தாங்கப் பழகியதால் புதியவர்களின் கையில்கூடப் பிழைத்துக்கொள்கிறது. பாசியிலிருந்து பெற்ற நிறமிகளை அஸ்டசாந்தினாக மாற்றிச் செந்நிறமாக இருக்கும். இதன் ஆண்கள் இன்னும் பருவம் வராத பெண்ணைப் பிடித்துக்கொண்டு, அது முதிரும் வரை விடாமல் சுமந்து திரியும். பெண் வாழ்நாளில் ஒரே முறைதான் இணைசேரும் என்பதால் இந்தப் பாடு. வாளியில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நீந்துபவை தெரிந்தால் இனப்பெருக்கம் நடக்கிறது என்று அர்த்தம். டிக்ரியோபஸிடம் ஒரு குறை, அது நடுத்தண்ணீரில் துள்ளித் திரியும். மாண்டரின் பார்ப்பதற்குள் மற்ற மீன்கள் தின்றுவிடும். டிஸ்பே என்ற இன்னொரு வகை பாறையோடும் அடித்தரையோடும் ஒட்டியே வாழ்கிறது, அழுகிய தூளையும் தின்கிறது, மாண்டரின் வாய் போகும் இடத்திலேயே பெருகுகிறது. தொட்டிக்குள் நிரந்தரமாகக் குடியேற்ற வேண்டுமானால் டிஸ்பேதான் சரி.

வெளிநாட்டு விதையையே நம்பியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்று முகத்துவாரத்தின் மிதவை உயிரிகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. நம் கரையோரத்தில் கிடைக்கும் ஓயிதோனா ரிஜிடா போன்ற கோப்பிபாட்டுகளை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டிய தமிழக ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நம் வெப்பத்துக்குப் பழகியவை என்பதே அவற்றின் பலம். அவை ஆய்வுக் கட்டுரையிலிருந்து கடைப் பாட்டிலுக்கு வந்து சேர்ந்தால் இங்குள்ள வளர்ப்பவர்களின் தலைவலி பாதி குறையும்.

அந்தத் தலைவலிக்குப் பெயர் கிராஷ். நேற்று வரை கொழித்த வாளி இன்று காலை பால் கலங்கிய நிறத்தில், அழுகிய முட்டை நாற்றத்தோடு நிற்கும். பெரும்பாலும் காரணம் பாசம்தான்: வாளி பசியில் இருக்குமோ என்று ஈஸ்ட்டையோ ஸ்பைருலினாத் தூளையோ ஒரு கரண்டி கூடப் போட்டிருப்பார்கள். மிஞ்சிய தீனி அழுகும், கிருமி பெருகும், ஆக்சிஜன் தீரும். சென்னையின் மே மாதத்தில் தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜனே குறைவு. நள்ளிரவில் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால் விடிவதற்குள் கதை முடிந்துவிடும். பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்றை வாங்கி வைக்காதவர்கள் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்தே தீர்கிறார்கள். எதற்கும் ஒரே வாளியில் எல்லாவற்றையும் வைப்பதில்லை. இரண்டு வாளி, அதுவும் வேறு வேறு அறையில்.

வேறு அறை என்பதற்கு இன்னொரு காரணம் ரோட்டிஃபர். கோப்பிபாட்டைவிட எளிதில் பெருகும் நுண்ணுயிர் இது. ஆண் துணை இல்லாமலே பெண்கள் பெண்களைப் பெற்றுத் தள்ளும், நல்ல சூழலில் ஒரே நாளில் எண்ணிக்கை இரட்டிக்கும். ஒரு சொட்டு தெறித்துப் பாசிப் பாட்டிலில் விழுந்தால் போதும், சில நாளில் பச்சை முழுவதையும் மேய்ந்து வெறும் தண்ணீராக்கிவிடும். குமிழ் உடையும்போது பறக்கும் திவலைகூட இதற்குப் போதுமானது. அதனால் கைதேர்ந்தவர்கள் தினசரி வேலையில் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: முதலில் பாசி, அடுத்து கோப்பிபாட், கடைசியாக ரோட்டிஃபர். ரோட்டிஃபரைத் தொட்ட கையோடு பாசிப் பக்கம் திரும்பிப் போவதில்லை. மடி, ஆசாரம் என்று வீட்டுப் பெரியவர்கள் கேலி செய்தாலும் விடுவதில்லை.

இந்த ரோட்டிஃபர் முதலில் மனிதர் கண்ணில் பட்டதே வேண்டாத விருந்தாளியாகத்தான். ஜப்பானில் விலாங்கு வளர்க்கும் குளங்களில் பச்சைத் தண்ணீர் திடீரென்று தெளிந்து, மீன்களுக்குக் கேடு வந்தது. பாசியைத் தின்று தீர்த்தது இதுதான் என்று கண்டுபிடித்த தகாஷி இட்டோ, 1960 வாக்கில் அதையே மீன்குஞ்சுகளுக்கு இரையாக்கலாம் என்று காட்டினார். இன்று உலகம் முழுக்கக் கடல்மீன் குஞ்சுப் பொரிப்பகங்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கோமாளி மீன் குஞ்சுகளுக்கு முதல் சில நாட்கள் கொடுப்பதும் ரோட்டிஃபர்தான். வளர்ந்த மாண்டரினுக்கோ அது மிகச் சிறியது. கண்ணுக்கே பொருட்டாகத் தெரியாது.

வாளியும் பாசியும் பெருகும் வரை மீன் காத்திருக்குமா? ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு இடைக்கால வழி ஆர்ட்டீமியா. உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழும் இந்தக் கூனியின் முட்டை, காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் இலையுதிர் காலத்தில் முட்டைகள் செம்பழுப்புப் பட்டைகளாக மிதக்கும். விமானத்தில் பறந்து இடம் பார்த்துச் சொல்ல, படகுகள் போய் மிதவைத் தடுப்புகளால் சுற்றி வளைத்து அள்ளும். உலகச் சந்தைக்கு ஒரு பெரிய பங்கு அங்கிருந்து வருகிறது. ஹெரால்ட் வான் ப்ரான்ஹட் என்ற வியாபாரி இதையே குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளாகப் பொட்டலம் கட்டி, பிறகு ‘ஸீ மங்கீஸ்’ என்று பெயர் சூட்டி, படக்கதைப் புத்தகங்களில் விளம்பரம் செய்து விற்றுக் குவித்தார். நம் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களிலும் ஆண் துணையின்றிப் பெருகும் ஆர்ட்டீமியா வகை இருக்கிறது. உப்பளப் பாத்திகளைத் தாண்டிச் செல்லும் பேருந்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

பொரிப்பது எளிது. தலைகீழாகக் கவிழ்த்த குளிர்பான பாட்டில், உப்பு நீர், அடியிலிருந்து பலமாகக் காற்று, மேலே ஒரு விளக்கு. 28 டிகிரி வெப்பம் இருந்தால் 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் குஞ்சுகள். பிறகு காற்றை நிறுத்தி, பாட்டிலின் கீழ்ப்பக்கம் மட்டும் வெளிச்சம் காட்ட வேண்டும். வெற்றோடுகள் மேலே மிதக்கும். உயிருள்ளவை வெளிச்சத்தைத் தேடி இறங்கும். பொரியாத முட்டைகள் அடியில் தங்கும். நடுவில் உள்ளதை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சி, நன்னீரில் அலசிக் கொடுப்பார்கள். ஓடு கலந்து போனால் சின்ன மீனின் குடலை அடைக்கும் என்பதால் இந்தப் பிரிப்பில் சோம்பல் கூடாது.

அசையும் ஆர்ட்டீமியாக் குஞ்சைப் பெரும்பாலான மாண்டரின்கள் கொத்திவிடும். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதுதான் இந்தத் துறையின் மிகப் பரவலான ஏமாற்றம். பொரிந்தவுடன் அதன் உடம்பில் கரு மஞ்சள் இருக்கிறது, சக்தி உண்டு. ஆனால் டிஹெச்ஏ கிட்டத்தட்ட இல்லை. முதல் நிலைக் குஞ்சுக்கு வாய் திறக்கவில்லை என்பதால் எதையும் ஊட்டவும் முடியாது. அரைநாள் போல் பொறுத்து, அடுத்த நிலைக்கு வந்தபின் ஐசோகிரைசிஸ் பாசியிலோ கொழுப்புக் கரைசலிலோ விட்டால் குடலை நிரப்பிக்கொள்ளும். அந்த நிறைந்த குடலோடு உடனே மீன் வாய்க்குப் போக வேண்டும். தாமதித்தால் ஆர்ட்டீமியா அந்தச் சத்தைச் செரித்து மாற்றிவிடுகிறது. வெறும் ஆர்ட்டீமியாவில் வாழும் மாண்டரின் நாளெல்லாம் தின்றபடியே மெலிவது இதனால்தான். கோப்பிபாட்டுக்கு இந்த ஒட்டுவேலை எதுவும் வேண்டாம். அதன் உடம்பிலேயே எல்லாம் இருக்கிறது.

ஊட்டுவதிலும் ஒரு தந்திரம். கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குப்பியைப் பாறையடியில் சாய்த்து வைத்து, மேலிருந்து ஒரு நீண்ட குழாய் வழியே குப்பிக்குள் இரையை இறக்குவார்கள். வேகமாக நீந்தும் மீன்களுக்கு உள்ளே நுழையத் தயக்கம். தரையோடு ஊர்ந்து வரும் மாண்டரின் நுழைந்துவிடும். சில நாளில் குழாயைக் கண்டாலே குப்பி வாசலில் வந்து நிற்கும். அப்படிப் பழகியபின், உயிருள்ள குஞ்சுகளோடு உறைந்த இரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குகிறார்கள். எல்லா மீனும் மசிவதில்லை.

மாண்டரினையே தொட்டியில் பொரித்து வளர்த்துவிட்டால் இத்தனை பாடும் குறையும். ஃப்ளோரிடாவின் ஓஆர்ஏ நிறுவனம் 2010இல் அப்படி வளர்த்த மாண்டரின்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறந்தது முதல் மனிதர் கையால் ஊட்டப்பட்டவை என்பதால் உறைந்த இரையையும் சில சமயம் உலர்தீனியையும்கூட ஏற்கின்றன. விலை அதிகம்தான். ஆனால் காட்டு மீன் ஒன்றை மலிவாக வாங்கிச் சாகவிட்டு, இன்னொன்று வாங்குபவர் போடும் கணக்கைவிட இது லாபம். கடையில் எந்த மாண்டரினைப் பார்த்தாலும் நிறத்தில் மயங்குவதற்கு முன் பக்கவாட்டிலிருந்து வயிற்றைப் பார்க்க வேண்டும். வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டியிருந்தால் அந்த மீனைத் தேற்றுவது கைதேர்ந்தவருக்கே கடினம்.

குஞ்சுகளுக்கு வாய்க்கேற்ற இரை கிடைக்காததுதான் பல கடல்மீன்களை இன்னும் தொட்டியில் பெருக்க முடியாததற்குக் காரணம். ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் மஞ்சள் டேங் மீனை முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தது 2015இல். ‘ஃபைண்டிங் டோரி’ படம் வந்த 2016இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் அந்தப் படத்து நீல டேங்கை வளர்த்தார்கள். இரண்டிலும் கதவைத் திறந்தது பார்வோகலானஸ் என்ற கோப்பிபாட்டின் குஞ்சுதான். அளவு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.

நன்றாகத் தின்று கொழுத்த மாண்டரின் ஜோடி வீட்டுத் தொட்டியிலும் முட்டையிடுவதுண்டு. விளக்கு மங்கும் நேரத்தில் ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டு மேலே எழுந்து, அதிகம் போனால் இருநூறு முட்டைகளை விட்டுவிட்டுப் பிரியும். மிதக்கும் அந்த முட்டைகள் பெரும்பாலும் மோட்டார் உறிஞ்சி அழிந்துவிடும். கிண்ணத்தால் அள்ளிக் காப்பாற்ற நினைப்பவர், அதற்கு முன்பே பார்வோகலானஸுக்கு ஒரு வாளியும் அதற்கு ஊட்ட ஐசோகிரைசிஸுக்குத் தனிப் பாட்டில்களும் தொடங்கியிருக்க வேண்டும்.